சிகாகோ பயணமும் விமானத்து வால் பக்கமும்

சிகாகோ போய்த் திரும்பிய களைப்பு நன்றாகத் தூங்கியதில் தீர்ந்துவிட்டது. போகும்போது இருக்கைக்கென்று தனியாக அழுத பத்தாயிரம் ரூபாயின் எரிச்சல்தான் இன்னும் தீரவில்லை. டிக்கெட் விலையிலேயே வீட்டுக் கணக்கு ஆட்டம் கண்டிருந்த நேரத்தில், விமான நிறுவனம் தன் வரைபடத்தில் தனி நிறம் பூசிக் காட்டிய ஒரு சிறு கட்டத்திற்கு அவ்வளவு பணம் கட்டியவன் என்ற முறையில், நீண்ட தூர விமானத்தின் எகானமி வகுப்பில் எங்கே உட்கார்ந்தால் உடம்பு தாங்கும் என்று எழுத எனக்கு உரிமை உண்டு என நினைக்கிறேன். முதலில் விமானம், அடுத்து வரிசை, கடைசியில் கட்டணம் என்று ஒழுங்காகச் சொல்லத்தான் எண்ணம். கோபம் இடையில் புகுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து அமெரிக்காவிற்கு நேரடி விமானம் இல்லாததால் வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ வேறு எங்காவதோ மாறித்தான் ஆகவேண்டும். நான் வளைகுடா வழியாகப் போனேன். முதல் நான்கு மணி நேரம் எப்படி உட்கார்ந்தாலும் ஓடிவிடும். அங்கிருந்து சிகாகோ வரையிலான பதினான்கு, பதினைந்து மணி நேரம்தான் முதுகெலும்பைச் சோதிப்பது. அந்தத் துண்டுக்கு எந்த வகை விமானம் பறக்கிறது என்பது டிக்கெட் எடுக்கும் பக்கத்திலேயே சிறிய எழுத்தில் இருக்கும். நம்மவர்கள் விலையைப் பார்ப்பார்கள், எத்தனை கிலோ பெட்டி என்று பார்ப்பார்கள், அந்த வரியை மட்டும் பார்க்கமாட்டார்கள். என்னைக் கேட்டால் இருக்கை எண்ணைத் தேடுவதற்கு முன்பே பாதி முடிவு அந்த வரியில் ஆகிவிடுகிறது.

போயிங் 777 விமானம் 1995-இல் பயணிகளோடு பறக்கத் தொடங்கியபோது பெரும்பாலான நிறுவனங்கள் எகானமியில் ஒரு வரிசைக்கு 9 பேரைத்தான் உட்காரவைத்தன. விமானத்தின் உடல் அன்றிருந்த அகலத்தில்தான் இன்றும் இருக்கிறது; ஆட்கள் மட்டும் 3-4-3 என்று, அதாவது இரு ஓரத்திலும் மூன்று மூன்று பேர், இரண்டு நடைவழிகளுக்கு நடுவில் நான்கு பேர் என்று, 10 பேராகிவிட்டார்கள். பத்தாவது ஆளுக்கு இடம் எங்கிருந்து வந்தது என்றால், மற்ற ஒன்பது பேரின் தோளிலிருந்தும் நடுவே போகும் நடைவழியிலிருந்தும்தான் வந்தது. 18 அங்குலத்தைத் தொட்ட இருக்கை 17 அங்குலத்தை ஒட்டிச் சுருங்கியது. ஓர் அங்குலத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைப்பவர்கள், பக்கத்தில் உட்காருபவரின் முழங்கையோடு ஒரு கைப்பிடிக்காக இரவு முழுவதும் மௌனமாகப் போராடிப் பார்த்தவர்களாக இருக்க முடியாது. ஏர்பஸ் ஏ350-இல் பெரும்பாலான நிறுவனங்கள் 3-3-3 என்றே வைத்திருப்பதால் 18 அங்குலம் கிடைக்கிறது. போயிங் 787-இலும் 3-3-3 தான் என்றாலும் அதன் உடல் ஒடுக்கம் என்பதால் மீண்டும் 17 அங்குலத்திற்கே வந்து நிற்கிறோம். அதற்கு வைத்திருக்கும் ட்ரீம்லைனர் என்ற பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். அதே 787-இல் ஜப்பான் ஏர்லைன்ஸ் மட்டும் சர்வதேச வழிகளில் 2-4-2 என்று எட்டுப் பேரோடு நிறுத்திக்கொண்டிருக்கிறது. அந்தப் புண்ணியவான்கள் நம் வழியில் பறந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அகலத்தில் கோட்டைவிட்டாலும் காற்றில் 787-க்கும் ஏ350-க்கும் நான் முழு மதிப்பெண் தருவேன். விமானத்திற்குள் இருக்கும் காற்றழுத்தம் தரைமட்டத்து அழுத்தம் அன்று. 8,000 அடி உயரத்து அழுத்தம் வரை அது குறையலாம் என்று விதி இடம் கொடுக்கிறது. அதாவது ஊட்டிக்கு மேலே, தொட்டபெட்டாவுக்குக் கொஞ்சம் கீழே இரவு முழுவதும் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். இந்த இரண்டு விமானங்களிலும் அது 6,000 அடி, அதாவது குன்னூர். இறங்கும்போது தலைவலியும் தொண்டை வறட்சியும் எவ்வளவு என்பதில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரிகிறது.

கால் நீட்டும் இடத்தைப் பற்றிய விளம்பரங்களில் ‘பிட்ச்’ 31 அங்குலம், 32 அங்குலம் என்று போடுகிறார்கள். அது கால் வைக்கும் இடத்தின் அளவு அன்று. உங்கள் இருக்கையின் ஒரு புள்ளிக்கும் முன் இருக்கையின் அதே புள்ளிக்கும் இடையிலான தூரம்தான் அது. முன் இருக்கையின் முதுகுப் பஞ்சு தடிமனாக இருந்தால் அதே 32 அங்குலத்திலும் முழங்கால் இடிக்கும். இவற்றுக்கெல்லாம் ஒரு குறைந்தபட்ச அளவு வகுக்கச் சொல்லி அமெரிக்காவில் 2018-இல் சட்டமே இயற்றினார்கள். 2022-இல் அந்நாட்டு விமானத்துறை மக்களிடம் கருத்துக் கேட்டபோது 26,000-க்கும் அதிகமானவர்கள் எழுதிக் குவித்தார்கள். முழங்கால் வலி உலகப் பொதுவானது என்பதில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல்.

இனி அந்தப் பத்தாயிரம் ரூபாய்க்கு வருகிறேன். நான் வாங்கியது அவசர வழிக் கதவை ஒட்டிய வரிசை. கதவைத் திறக்கும் உடல்வலு உள்ளவர்களுக்கு மட்டுமே அதைத் தருவார்கள். குழந்தையோடு வருபவர்கள், கர்ப்பிணிகள், நடக்கச் சிரமப்படும் முதியவர்கள் அங்கே உட்கார முடியாது. நீட்டிய கால் எதிலும் முட்டவில்லை. முதல் ஒரு மணி நேரம், கொடுத்த காசு தகும் என்றே மகிழ்ந்திருந்தேன். உணவு முடிந்தது, விளக்கை அணைத்தார்கள், கழிவறைக்கு வரிசை தொடங்கியது. என் கால்களுக்கு முன்னால் இருந்த வெற்றிடம் எனக்கு மட்டும் உரியது அன்று என்பது அப்போதுதான் வெளிச்சமாயிற்று. கழிவறைக்குக் காத்திருப்பவர்கள் நிற்கும் கூடம் அது. கால் மரத்துப்போனவர்கள் வந்து நின்று ஊர்க்கதை பேசும் திண்ணையும் அதுதான். மடங்கும் கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வெள்ளை விளக்கின் ஒரு கீற்று நேராக என் முகத்தில் விழுந்தது. உள்ளே தண்ணீரை உறிஞ்சும் அந்த உறுமல் அடங்குவதற்குள் அடுத்தவர் உள்ளே போனார். ஒரு கட்டத்தில், ஒருவர் என் இருக்கையின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்து எழுந்து உடற்பயிற்சியே செய்யத் தொடங்கிவிட்டார். காலுறையோடு இருந்த என் பாதத்தை மிதித்துவிட்டு, “சாரி சார்” என்று மிகுந்த பணிவோடு சொன்னவர்களுக்குக் கணக்கில்லை.

இவை தவிர, வரைபடத்தில் எங்கும் காட்டாத வேறு சில சங்கதிகளும் அந்த வரிசையில் உண்டு. முன்னால் இருக்கை இல்லாததால் சாப்பாட்டுத் தட்டும் திரையும் கைப்பிடிக்குள் மடிந்து கிடக்கின்றன. அதனால் அந்தக் கைப்பிடியைத் தூக்க முடியாது. அடிவரை மூடிய கட்டையாகத் தொடையை நெருக்குகிறது. ஏற்கெனவே 17 அங்குலமாக இருப்பதில் இன்னும் கொஞ்சம் போய்விடுகிறது. புறப்படும்போதும் இறங்கும்போதும் கைப்பையைக் காலடியில் வைக்கக் கூடாது என்பதால் மாத்திரை, கண்ணாடி எல்லாம் தலைக்கு மேலே போய்விடுகின்றன. கதவிலிருந்து வரும் குளிருக்கு ஒரு கம்பளி போதவில்லை. இன்னொன்று கேட்டு வாங்கிக் கால்களில் சுற்றிக்கொண்டேன். இறங்கிய பிறகு நிறுவனத்திற்கு எழுதினேன். கூடுதல் கால் இடத்திற்குத்தான் கட்டணம், அந்த இடம் உங்களுக்கு வழங்கப்பட்டது என்று பதில் வந்தது. அவர்கள் சொல்வது சரிதான். அதுதான் இன்னும் எரிகிறது.

குறுக்குச் சுவருக்கு எதிரே இருக்கும் முதல் வரிசையும் ஏறக்குறைய இதே கதைதான். அந்தச் சுவரில்தான் கைக்குழந்தைகளுக்கான தொட்டிலை மாட்டுவார்கள் என்பதால் குழந்தைகள் அங்கேதான் இருப்பார்கள். குழந்தை அழுவது அதன் பிழையன்று. ஆனால் உறக்கத்திற்கென்று காசு கட்டி அங்கே போய் உட்காருவது நமக்குத் தேவையில்லாதது.

ஆகவே கால் இடத்தை மறந்துவிட்டு, நம்மைத் தாண்டி எத்தனை பேர் போகவேண்டும், நாம் எத்தனை பேரைத் தாண்டவேண்டும் என்ற கணக்கைப் போடச் சொல்கிறேன். 3-4-3 விமானத்தில் இருக்கைகள் ஏ, பி, சி; டி, ஈ, எஃப், ஜி; எச், ஜே, கே என்று போகும் (ஆங்கிலத்து ஐ எழுத்து 1 என்ற எண்ணோடு குழம்பும் என்பதால் அதை விட்டுவிடுகிறார்கள்). ஓரத்துத் தொகுதியில் நடைவழியை ஒட்டிய ‘சி’-யில் உட்கார்ந்தால் உள்ளே இருக்கும் இருவருக்கும் இரவெல்லாம் நீங்கள்தான் வாசற்கதவு. நடுத்தொகுதியின் ‘டி’-யில் உட்கார்ந்தால் உங்களைத் தாண்டுபவர் ‘ஈ’ ஒருவர்தான். ‘எஃப்’ அந்தப் பக்கமாகப் போய்விடுவார். 3-3-3 என்றால் இன்னும் நல்லது, நடுத்தொகுதியின் நடுவில் இருப்பவர் இரண்டு பக்கத்தில் யார் விழித்திருக்கிறாரோ அவரைக் கேட்டுக்கொள்வார். 3-4-3 விமானத்தில் இரண்டு பேராகப் போகிறவர்கள் ‘டி’-யையும் ‘ஜி’-யையும் எடுத்துவிட்டு நடுவில் இரண்டைக் காலியாக விடலாம். விமானம் நிரம்பாத நாளில் அவை கடைசிவரை காலியாகவே கிடக்கவும் வாய்ப்புண்டு. நிரம்பிவிட்டால் நடு இருக்கைக்காரர் இடம் மாற மாட்டேன் என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

நடைவழி இருக்கைக்கும் வரி உண்டு. உணவு வண்டி முழங்கையில் இடித்துக்கொண்டேதான் போகும். சில இருக்கைகளில் முன் இருக்கைக்கு அடியில் திரைக்கான மின்பெட்டி ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். ஒரு கால் மட்டும் மடங்கியே இருக்கும். ஜன்னலோரம் கேட்டு வாங்கியவர்களுக்கு ஜன்னலுக்குப் பதிலாக வெறும் சுவர் வாய்ப்பதும் உண்டு. இவற்றையெல்லாம் நிறுவனத்தின் வரைபடம் காட்டாது. ஏரோலோபா என்ற இணையதளம் பல நிறுவனங்களின் விமானங்களை அளவு பிசகாமல் வரைந்து வைத்திருக்கிறது. அங்கே ஜன்னலும் இருக்கையும் எப்படிப் பொருந்துகின்றன, கழிவறை எவ்வளவு அருகில் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கடைசி நேரத்தில் விமானத்தையே மாற்றிவிட்டால் இந்த ஆராய்ச்சி எல்லாம் பாழாகும் என்பதால், செக்-இன் திறந்ததும் இருக்கை எண்ணை மறுபடி பார்த்துக்கொள்வது நல்லது.

திரும்பும் பயணத்தில் அம்மா உடன் வந்தார். சிகாகோவை அடுத்த அரோராவில் அக்கா வீட்டில் தங்கியிருந்தவரை அழைத்துவரத்தான் போயிருந்தேன். எந்த இருக்கை வேண்டும் என்று வரைபடத்தைக் காட்டி விளக்கத் தொடங்கியபோது அம்மா பாதியிலேயே நிறுத்தினார். “யாரையும் எழுப்பாம நான் பாத்ரூம் போய்ட்டு வரணும்டா. அது போதும்.” நான் மேலே எழுதியிருக்கும் கணக்கு முழுவதும் அந்த ஒரு பேச்சில் அடங்கிவிட்டது.

777-இன் உடல் வாலை நெருங்கும்போது குறுகுவதால் கடைசிச் சில வரிசைகளில் ஓரத்து மூன்று இருக்கைகள் இரண்டாகிவிடும். அந்த இரட்டை இருக்கையை ஆளுக்கு மூவாயிரத்துச் சொச்சத்திற்குப் பிடித்தேன். இருவருக்கும் சேர்த்தே போகும்போது நான் ஒருவன் கட்டியதைவிடக் குறைவு. அம்மா நடைவழிப் பக்கம், நான் ஜன்னல் பக்கம். மூன்றாம் மனிதர் இல்லை. ஜன்னல் இருக்கைக்கும் விமானச் சுவருக்கும் நடுவே உடல் வளைந்துபோவதால் ஒரு சாண் இடைவெளி இருந்தது. கைப்பை, தண்ணீர்ப் புட்டி, அம்மாவின் சால்வை, மாத்திரை டப்பா அத்தனையும் அதற்குள் அடங்கின. நடுவில் இருந்த கைப்பிடியைத் தூக்கிவிட்டதும் அம்மா ஒருக்களித்து, காலை மடித்து, என் தோளில் சாயாமலேயே நன்றாக உறங்கினார். நடைவழிப் பக்கத்துக் கைப்பிடியும் தூக்கக்கூடியதுதான். அதன் அடியில், கீலுக்குப் பக்கத்தில் விரலால் தடவினால் ஒரு சிறிய விசை தட்டுப்படும். அதை அழுத்தித் தூக்கிவிட்டால் முழங்கால் வலி உள்ளவர்கள் பக்கவாட்டில் திரும்பி எழுந்துகொள்ளலாம். எல்லா விமானத்திலும் இருக்காது, இருந்தால் விடாதீர்கள்.

வால் பக்கத்தின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். காற்று குலுக்கும்போது இறக்கைக்கு அருகில் இருப்பவர்களைவிட வாலில் இருப்பவர்கள் அதிகம் ஆடுவார்கள். இரட்டை இருக்கைகள் தொடங்கும் முதல் வரிசையில் நடைவழி வளைவதால் அங்கே வண்டி இடிக்கும். அதற்கு அடுத்த வரிசையைப் பாருங்கள். ஆகக் கடைசி வரிசையில் முதுகு சரியாகச் சாயாது, பின்னால் சமையல் பகுதியின் பேச்சும் பாத்திரச் சத்தமும் கேட்கும். உணவு கடைசியில் வரும்போது நாம் கேட்பது தீர்ந்திருக்கும். இதற்கு மட்டும் செலவில்லாத மருந்து இருக்கிறது: முன்கூட்டியே ஆசிய சைவ உணவு என்று பதிந்துவிட்டால் வண்டி வருவதற்கு முன்பே பெயரைக் கேட்டுத் தனியாகக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். முன் வரிசைக்காரர்கள் இன்னும் வண்டியை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா பருப்பும் சோறும் தின்று முடித்துவிட்டார். உப்புக் குறைவு என்ற ஒரே புகாரோடு.

இறங்குவதற்கு வாலில் இருப்பவர்கள்தான் கடைசி. எங்களுக்கு அதனால் ஓர் இழப்பும் இல்லை. அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டிருந்தோம், அப்படிக் கேட்டவர்களை எப்படியும் மற்ற எல்லோரும் இறங்கிய பிறகுதான் அழைப்பார்கள். தனியாகப் போகிறவர்கள், அடுத்த விமானத்தைப் பிடிக்க ஒன்றரை மணி நேரம் மட்டுமே கையில் வைத்திருப்பவர்கள் இந்த வரிசைகளின் பக்கமே போகாமல், நடுத்தொகுதியின் ‘டி’-யை இறக்கைக்கு முன்னால் எங்காவது பார்த்து எடுத்துக்கொள்ளட்டும்.