கேட்கத் தயங்குபவருக்காக ஒரு சிலபஸ்

கலிபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டாண்டு படிப்புகள் தரும் அரசுக் காலேஜில், முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலக் கட்டுரை வகுப்பு எடுக்கிறேன். கட்டுரை எழுதுவது, ஆதாரம் தேடுவது, தேடியதை வைத்து ஒரு வாதத்தை நிறுத்துவது, இவ்வளவுதான் பாடம். நர்ஸிங் படிக்கப் போகிறவரானாலும் கம்ப்யூட்டர் படிக்கப் போகிறவரானாலும் இதைத் தாண்டித்தான் போயாக வேண்டும். 1885இல் ஹார்வர்டில் முதலாண்டுக்காரர்களுக்கு இப்படி ஒரு கட்டாய வகுப்பு வந்தது, அப்புறம் நாடு முழுக்கப் பரவியது. இங்கே ஒரு காலேஜில் 1ஏ, இன்னொன்றில் 101 என்று இருந்த வகுப்புக்கு 2025 இலையுதிர் பருவத்திலிருந்து மாநிலம் முழுக்க ஒரே எண், சி1000.

ஒவ்வொரு செமஸ்டர் தொடங்கும் முன்பும் எனக்கு அதிக நேரம் பிடிப்பது சிலபஸின், அதாவது வகுப்புத் திட்டத்தையும் விதிகளையும் எழுதி மாணவர்களுக்குக் கொடுக்கும் தாள்களின், பின்பாதி. எத்தனை கட்டுரை, என்ன புத்தகம் என்பதெல்லாம் முன்பாதியில் வந்துவிடும், அதை எழுதுவது சுலபம். தாமதமாகக் கொடுத்தால் என்ன, வகுப்புக்கு வராவிட்டால் என்ன, எதைக் காப்பி என்று சொல்வது, எந்த உதவியை எடுத்துக்கொள்ளலாம் என்ற விதிகள் பின்பாதியில் வருகின்றன. மாணவர்கள் இதைப் படிப்பதே இல்லை என்று ஆசிரியர்கள் ஓய்வறையில் அலுத்துக்கொள்வார்கள். படிக்கத்தான் செய்கிறார்கள். நமக்கு இங்கே இடம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அதை மட்டும் தேடிப் படிப்பவர்களும் இருக்கிறார்கள்.

யார் வருகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் சேரும்போதே ஒரு தேர்வு வைத்து, ஆங்கிலம் போதாது என்று தோன்றுபவர்களை இரண்டு மூன்று படி கீழே உள்ள வகுப்புகளுக்கு அனுப்புவார்கள், அந்தப் படிகளை ஏறி முடிப்பதற்குள் நிறையப் பேர் காலேஜையே விட்டுவிடுவார்கள். 2017இல் வந்த மாநிலச் சட்டம் ஒன்று, 2019 இலையுதிர் பருவத்திலிருந்து, அந்த வழக்கத்தை ஏறக்குறைய முடித்துவைத்தது. இப்போது எல்லோரும் நேரே என் வகுப்புக்கு வருகிறார்கள். ராத்திரி முழுக்கக் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டுக் காலை எட்டு மணி வகுப்புக்கு வருபவர், குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடிவருபவர், வியட்நாமிலிருந்து வந்து கொஞ்ச காலமே ஆனவர், ஹைஸ்கூல் படித்துக்கொண்டே இங்கேயும் ஒரு வகுப்பு எடுக்கும் பதினேழு வயதுப் பெண். இது நல்ல மாற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த எல்லோருக்கும் சேர்த்து ஒரே விதியை எழுத வேண்டியிருக்கிறது.

இவர்களில் எனக்குக் கண்ணில் படும் பெரிய வித்தியாசம் ஆங்கிலத்தில் இல்லை. கேட்பவர்கள், கேட்காதவர்கள் என்பதில்தான் இருக்கிறது. அப்பா அம்மா காலேஜ் போன வீட்டுப் பிள்ளைக்கு டெட்லைனுக்கு முந்தைய இரவு எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பத் தெரியும், "இரண்டு நாள் கூடுதலாகக் கிடைக்குமா" என்று. அது தப்பில்லை என்று அவருக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். வீட்டில் முதல் ஆளாகக் காலேஜுக்கு வந்தவர் அப்படிக் கேட்கமாட்டார். விதி என்றால் விதி என்று எடுத்துக்கொள்வார், கட்டுரை முடியவில்லை என்றால் வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிடுவார். நாம் இரக்கப்பட்டு ஆளுக்கு ஆள் சலுகை கொடுக்கும்போது அது யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று யோசித்துப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அதனால் சலுகை எதுவானாலும் அது விதியாகவே எழுதப்பட்டு எல்லோர் கையிலும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தாமதத்துக்கான விதியை அப்படித்தான் வைத்திருக்கிறேன். செமஸ்டருக்கு என்று சில கூடுதல் நாட்கள் ஒவ்வொருவர் கணக்கிலும் இருக்கும். எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டாம், அனுமதி கேட்க வேண்டாம். கட்டுரைகளைப் பெற்றுக்கொள்ளும் கேன்வாஸ் என்ற இணையதளத்தில் சமர்ப்பிக்கும்போது "இரண்டு நாள் எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒரு வரி எழுதினால் போதும். டாக்டர் சர்டிபிகேட் கேட்பதில்லை. இந்த நாட்டில் அந்தத் துண்டுச் சீட்டுக்கு ஒருவர் எவ்வளவு செலவு செய்ய வேண்டிவரும் என்று தெரிந்தவர்கள் யாரும் கேட்கமாட்டார்கள். இப்படி வைத்தால் எல்லோரும் தாமதமாகவே கொடுப்பார்கள் என்று ஒரு மூத்த ஆசிரியர் சொன்னார். அப்படி நடக்கவில்லை. பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது பத்திரமாக இருக்கட்டும் என்று கடைசி வரை அதைத் தொடுவதே இல்லை.

விதிக்குப் பக்கத்திலேயே அதன் காரணத்தையும் எழுதிவிடுவேன். மூன்று யூனிட் வகுப்பு என்றால், ஒரு யூனிட்டுக்கு வகுப்பில் ஒரு மணி நேரம், வெளியே இரண்டு மணி நேரம் என்ற கணக்கில், வாரத்துக்கு ஒன்பது மணி நேர வேலை. முதல் வாரத்தில் ஒரு காகிதத்தில் வாரத்தின் ஏழு நாளையும் கட்டம் போட்டு, வேலை, பயணம், தூக்கம், குழந்தை எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு இந்த ஒன்பது மணி எங்கே உட்காரும் என்று பார்க்கச் சொல்வேன். ஐந்து வகுப்பு எடுத்துக்கொண்டு முழுநேர வேலையும் பார்ப்பவர் அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் சத்தமில்லாமல் கணக்குப் போடுவார். அன்றைக்கே ஒரு வகுப்பைக் கைவிட்டு மற்றதைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் உண்டு.

என் பக்கக் கணக்கையும் சொல்லிவிடுவேன். ஒரு வகுப்பில் 25 பேர், கட்டுரைக்கு 20 நிமிடம் என்றால் ஒரு சுற்று திருத்துவதற்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கட்டுரை வகுப்பில் 20 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, 15 என்றால் நல்லது என்று எழுத்து கற்பிப்போரின் தேசிய அமைப்பே வெகுகாலமாகச் சொல்லிவருகிறது. பல காலேஜ்கள் கேட்பதில்லை. என்னைப் போன்ற பகுதிநேர ஆசிரியர்கள் இரண்டு மூன்று காலேஜ்களுக்கு ஓடி ஓடி வகுப்பு எடுக்கிறோம், திருத்தும் நேரத்துக்குத் தனியாகச் சம்பளம் கிடையாது. இது மாணவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன். "இரண்டு வாரத்தில் திருப்பித் தருவேன்" என்ற வரி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அவர்களும் அதை நம்பிக் காத்திருப்பார்கள்.

நம் ஊர்ப் பெற்றோர்கள் கேட்பதற்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். என் பெயரைப் பார்த்துவிட்டு ஒரு அம்மா போன் செய்தார். "நீங்களும் நம்ம ஊர்தானே மேடம், பையன் ஒழுங்கா வர்றானான்னு மட்டும் சொல்லுங்க" என்றார். குரலில் அவ்வளவு தவிப்பு. ஆனால் 1974இல் வந்த கல்விப் பதிவுகள் சட்டப்படி, பிள்ளை காலேஜில் சேர்ந்த அன்றே அந்த உரிமை பிள்ளைக்குப் போய்விடுகிறது, வயது பதினெட்டு ஆகாவிட்டாலும்கூட. அவன் எழுதிக் கொடுக்காமல் என்னால் எதுவும் சொல்ல முடியாது. "அம்மா, அவன்கிட்டயே கேளுங்க, சிலபஸை எடுத்துக் காட்டச் சொல்லுங்க, அதில் தேதி எல்லாம் இருக்கு" என்று சொன்னேன். மதிப்பெண் என் வாயிலிருந்து வர வேண்டியதில்லை, வீட்டுக்குள்ளேயே அந்தப் பேச்சு நடக்கட்டும் என்று இப்போது எல்லோருக்கும் அதையேதான் சொல்கிறேன்.

சரி, ஆய்வுக் கட்டுரைக்கு வருவோம். இறுதிக் கட்டுரைக்கு மட்டும் மதிப்பெண் வைத்தால் அதற்கு முந்தைய இரவில்தான் எழுதுவார்கள், யாராக இருந்தாலும் அப்படித்தான். அதனால் பாதி மதிப்பெண்ணை வழியில் வைத்திருக்கிறேன்: தலைப்புக்கு ஒரு பக்கக் குறிப்பு, ஆதாரங்களின் பட்டியல், ஒவ்வொரு ஆதாரத்தின் கீழும் அது என்ன சொல்கிறது, அதை ஏன் நம்பலாம் என்று நான்கைந்து வரி, முதல் டிராஃப்ட், வகுப்புத் தோழர் ஒருவரின் கருத்து, அப்புறம் என்னோடு பதினைந்து நிமிடம் நேரில் பேச்சு.

ஒரு மாணவி "சோஷியல் மீடியா நல்லதா கெட்டதா" என்ற தலைப்போடு வந்தார். அது பத்து பக்கத்தில் முடிகிற விஷயமில்லை. எதனால் இந்தத் தலைப்பு என்று கேட்டேன். தம்பி படிக்கும் ஹைஸ்கூலில் போனைப் பூட்டி வைக்கச் சொல்கிறார்கள், வீட்டில் ஒரே சண்டை என்றார். அங்கேயே தலைப்பு கிடைத்துவிட்டது. 2026 ஜூலை 1க்குள் ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் போன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் கொள்கை வகுக்க வேண்டும் என்று 2024இல் கலிபோர்னியாவில் சட்டம் போட்டிருக்கிறார்கள். தன் மாவட்டம் எடுத்த முடிவு சரியா என்று அவர் எழுதத் தொடங்கினார். முதல் டிராஃப்டில் "கூகுளின்படி" என்று ஒரு புள்ளிவிவரம் இருந்தது. கூகுள் யாருடைய வாயும் இல்லை, யார் சொன்னார்கள் என்று தேடுவோம் என்று இருவரும் உட்கார்ந்தோம். அந்தப் பக்கத்தையே மேலும் கீழும் படித்துக்கொண்டிருக்காமல் புதிய டேப் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னேன். உண்மை சரிபார்ப்பவர்கள் வேலை செய்யும் முறை இதுதான். இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது, போனைப் பூட்டும் பைகளை விற்கும் கம்பெனி ஒன்று நடத்தும் பக்கம் அது. அவர் அதைத் தூக்கி எறியவில்லை, "இந்தப் பையை விற்பவர்களே சொல்லும் கணக்கு" என்று கட்டுரைக்குள்ளேயே எழுதி, பக்கத்தில் நூலக டேட்டாபேஸில் கிடைத்த ஆய்வு ஒன்றை வைத்து ஒப்பிட்டார். ஆதாரங்களைக் குறிப்பிடுவதற்கான எம்எல்ஏ என்ற முறையில் கமா எங்கே வர வேண்டும் என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்கலாம். யார் சொன்னது, அவருக்கு இதில் என்ன லாபம் என்று கேட்கும் பழக்கம் வருவதற்குத்தான் ஒரு செமஸ்டர் தேவைப்படுகிறது.

காப்பி விஷயத்தில் நான் கொஞ்சம் பொறுமையாக இருப்பேன். புத்தகத்தில் உள்ளதை வரி மாறாமல் எழுதினால் முழு மதிப்பெண் என்று பள்ளியில் பழகிவந்தவர்கள் நம் ஊரிலும் எத்தனை பேர். அவர்களுக்கு மேற்கோள் குறி போட்டு, பெயர் எழுதுவது புதிய பழக்கம். முதல் தடவை என்றால் கூப்பிட்டு உட்காரவைத்து அந்தப் பத்தியை என் எதிரிலேயே மாற்றி எழுதச் சொல்வேன். காசு கொடுத்து ஆள் வைத்து எழுதியது வேறு, அதற்குக் காலேஜின் நடைமுறை இருக்கிறது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்தப் பகுதியை முழுக்கத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கிறோம் என்று சொல்லும் மென்பொருள்களை நான் பயன்படுத்துவதில்லை, சிலபஸிலும் அப்படியே எழுதியிருக்கிறேன். 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஏழு மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காகத் தாங்களே எழுதிய கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று அவை சொல்லின. எளிய சொல், எளிய வாக்கியம், அதுதான் காரணம். என் வகுப்பில் வியட்நாமிலிருந்து வந்தவர் எழுதுவதும் அப்படித்தான். கஷ்டப்பட்டுத் தானே எழுதிய ஒருவரைக் கூப்பிட்டு நீ எழுதவில்லை என்று சொல்வதைவிடக் கொடுமை ஒரு ஆசிரியர் செய்ய முடியாது. அதுவும் அவர் எதிர்த்துக் கேட்கவும் மாட்டார்.

அதற்குப் பதிலாக, எழுத்து வளர்வதை நானே பார்க்கிறேன். கூகுள் டாக்ஸில் எழுத வேண்டும், பழைய வடிவங்கள் அழியாமல் இருக்க வேண்டும். வாரம் ஒரு தடவை வகுப்பிலேயே கையால் ஒரு பக்கம். நேரில் பேசும்போது "இந்தப் பத்தியை ஏன் இங்கே வைத்தாய்" என்று கேட்பேன், எழுதியவருக்கு அதற்குப் பதில் இருக்கும், பிடிக்காத பதிலாக இருந்தாலும். யோசனைகளைப் பட்டியல் போட இயந்திரத்திடம் கேட்கலாம், கேட்டதைக் கட்டுரையின் முடிவில் சொல்லிவிட வேண்டும். வாக்கியங்களை அதனிடம் வாங்கக் கூடாது, ஏனென்றால் அந்த வாக்கியத்தைத் தேடித் திணறும் நேரத்தில்தான் நாம் என்ன நினைக்கிறோம் என்பதே நமக்குத் தெரியவருகிறது. இந்தக் காரணத்தையும் விதிக்குக் கீழேயே எழுதியிருக்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் ஒரு தேதியைத் தடித்த எழுத்தில் போட்டிருப்பேன், டபிள்யூ என்ற விலகல் குறியை வாங்கிக்கொண்டு வகுப்பிலிருந்து விலகுவதற்கான கடைசி நாள். அதற்குள் விலகினால் எஃப், அதாவது தோல்வி, விழாது, சராசரியும் கெடாது. ஆனால் மத்திய அரசின் பெல் உதவித்தொகை வாங்குபவர் செமஸ்டரின் 60 சதவீதம் முடிவதற்குள் எல்லா வகுப்புகளையும் விட்டுவிட்டால் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டிவரலாம், அந்த பில் வீட்டுக்கு வரும்போது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கிறது. அதனால் தேதிக்குக் கீழே உதவித்தொகை அலுவலகத்தின் போன் நம்பரும், "விலகும் முன் இவர்களோடு பேசுங்கள், தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் வகுப்பு முடிந்து நில்லுங்கள், நானும் வருகிறேன்" என்ற வரியும் இருக்கும். அப்படி நின்றவர்களோடு நான் போயிருக்கிறேன்.