மாறும் விசையும் ஒரு முக்கோணமும்

மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவர்களிடையே விசை செய்த வேலை பொருளின் இயக்க ஆற்றலில் வந்த மாற்றத்துக்குச் சமம் என்னும் வேலை-ஆற்றல் தேற்றம் சுலபமான பாடம் என்று பெயர் வாங்கியிருக்கிறது. விசை மாறாதவரை அது உண்மைதான். விசை இடத்துக்கு இடம் மாறத் தொடங்கியதும் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். தொகையிடல் குறியைக் கண்டதும் உற்சாகமாகிறவர்கள் ஒரு பக்கம், பேனாவை மூடி வைக்கிறவர்கள் மறுபக்கம். எனக்குக் கவலை முதல் பக்கத்தாரைப் பற்றித்தான். விடையைக் கொண்டுவந்துவிடுவார்கள், எதைக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள்.

ஆகவே முதலில் வரைபடத்தாளை எடுக்கச் சொல்வேன். விசை-தூர வரைபடத்தில் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் வேலை, தொகையிடல் தருவதும் அதைத்தான். 4 கிலோகிராம் பொருள், உராய்வற்ற தளம், ஓய்விலிருந்து தொடக்கம். தூரத்தின் வர்க்கத்தை மூன்றால் பெருக்கினால் எத்தனையோ, அத்தனை நியூட்டன் விசை. 2 மீட்டர் கடந்தபின் வேகம் என்ன? "தொடக்கத்தில் சுழி, முடிவில் 12, சராசரி 6. அப்படியானால் வேலை 12 ஜூல், சார்" என்று ஒரு குரல் வந்தே தீரும். மறுப்பதில்லை, வரைந்து பார் என்பேன். அப்படி ஒருமுறை ஒரு மாணவி அரை மீட்டருக்கு ஒன்றாகச் செங்குத்துக் கோடுகள் இழுத்து, வளைவில் கிடைத்த புள்ளிகளை அளவுகோல் வைத்து இணைத்து, நான்கு துண்டுகளின் பரப்பையும் கூட்டி 8.25 என்றாள். பக்கத்தில் தொகையிட்டவன் 8 என்றான். "உன் கோடுகள் வளைவுக்கு மேலே போகின்றனவா, கீழேயா?" என்று கேட்டேன். தாளைக் கண்ணருகே கொண்டுபோனாள். "மேலே, சார். அந்தக் கால் ஜூல் அங்கேதான் இருக்கிறது." 8 ஜூல் என்றால் வேகம் நொடிக்கு 2 மீட்டர். அதை யாரும் சொல்லிவிடுவார்கள்.

எனக்குப் பிடித்த கணக்கு வேறு. 2 கிலோகிராம் பொருள், இதுவும் ஓய்விலிருந்துதான். 12 நியூட்டனில் தொடங்கும் விசை மீட்டருக்கு 4 நியூட்டன் வீதம் குறைந்துகொண்டே போகிறது. வேகம் எங்கே உச்சம்? விசை பெரிதாக இருக்கும் தொடக்கத்தில் என்பார்கள் பலர். உண்மையில் விசை சுழியாகும் 3 மீட்டரில்தான் உச்சம். அதுவரை விசை குறைந்தாலும் தள்ளுவதை நிறுத்தவில்லை. முக்கோணத்தின் பரப்பு 18 ஜூல், வேகம் நொடிக்கு ஏறத்தாழ 4.24 மீட்டர். அதைத் தாண்டினால் விசை எதிர்த்திசையில் இழுத்து, 6 மீட்டரில் பொருளை ஒரு கணம் நிறுத்திவிடும்.

அந்த 3 மீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம்? தேற்றம் வாய் திறக்காது. 1829-இல் பிரெஞ்சு அறிவியலாளர் கொரியோலிஸ் எந்திரங்களின் பயனைக் கணக்கிட எழுதிய நூலில் வேலையையும் இயக்க ஆற்றலின் சூத்திரத்தில் (½ × நிறை × வேகத்தின் வர்க்கம்) வரும் அந்த 'அரை'யையும் இணைத்தபோதும் கணக்கில் வந்தது தூரம்தான், கடிகாரம் அல்ல. நேரம் வேண்டுமானால், ஊசல்போல முன்னும் பின்னும் அலையும் சீரிசை இயக்கத்துக்குப் போக வேண்டும். அங்கே 1.11 நொடி என்று கிடைக்கும். இனிதான் வேடிக்கை. உந்தத்தின் (நிறை × வேகம்) மாற்றத்தை இந்த நேரத்தால் வகுத்தால் சராசரி விசை 7.64 நியூட்டன், வேலையைத் தூரத்தால் வகுத்தால் 6 நியூட்டன். ஒரே பயணத்துக்கு இரண்டு சராசரிகளா என்று வகுப்பு குழம்பும். இரண்டும் சரி. பொருள் மெதுவாக ஊர்ந்த தொடக்கத்தில், அதாவது விசை பெரிதாக இருந்த இடத்தில், அது அதிக நேரம் செலவழித்திருக்கிறது. அதனால் நேரச் சராசரி மேலே ஏறுகிறது. இதைப் பாடநூல் வரியாகப் படித்தால் மறந்துவிடும். தாங்களே வகுத்துப் பார்த்து முட்டிக்கொண்டவர்கள் மறப்பதில்லை.

தேர்வில் நான் இரண்டு கேள்விகளை அடுத்தடுத்து வைக்கிறேன். ஒன்றில் விசை மீட்டருக்கு 4 நியூட்டன் குறைகிறது, மற்றொன்றில் நொடிக்கு 4 நியூட்டன். முக்கோணம் ஒன்றே, பரப்பும் 18-தான். ஆனால் இரண்டாவதில் அந்த 18 ஜூல் அல்ல, நியூட்டன்-நொடி, அதாவது உந்த மாற்றம். வேகம் நொடிக்கு 9 மீட்டர், இயக்க ஆற்றல் 81 ஜூல். கிடைமட்ட அச்சின் பெயரைப் படிக்காமல் பரப்பைக் கணக்கிட ஓடுகிறவர்கள் இரண்டுக்கும் 4.24 என்றே எழுதிவிட்டு, முதல் ஆளாக விடைத்தாளைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.