கோடைக்கானல் மலையில் சூரியனைப் பார்த்த காலை

பெரும்பாலான வான் ஆய்வகங்களில் பொழுது சாய்ந்த பிறகுதான் வேலை தொடங்கும். கோடைக்கானல் ஆய்வகத்திலோ சூரியன் உதித்த உடனே தொடங்கிவிடுகிறது. இயற்பியல் மாணவனாக நான் சென்று பார்த்த முதல் வான் ஆய்வகம் சூரியனை மட்டுமே கூர்ந்து நோக்கும் இந்த ஆய்வகமாக அமைந்ததை நல்வாய்ப்பாகவே கருதுகிறேன்.

1792-இல் நிறுவப்பட்ட சென்னை வான் ஆய்வகத்தின் தொடர்ச்சி இது. 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழை பொய்ப்பதற்கும் சூரியனில் நிகழும் மாற்றங்களுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்ற எண்ணத்தில், சூரியனை இடைவிடாமல் கண்காணிக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றது. கடல் மட்டத்துக்கு 2,300 மீட்டருக்கும் மேலே உள்ள இந்த மலை அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1899-இல் ஆய்வகப் பணிகள் சென்னையிலிருந்து இங்கே மாற்றப்பட்டன.

எங்கள் குழுவைக் காலையிலேயே வரச் சொல்லியிருந்ததற்குத் தகுந்த காரணம் இருந்தது. வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, அதன் மேலுள்ள காற்று கொதித்தெழத் தொடங்கும். அந்தக் காற்றைக் கடந்து வரும் ஒளி நடுங்குவதால் சூரியனின் பிம்பம் கலங்கிவிடும். தரை சூடாவதற்கு முந்தைய காலை நேரமே தெளிவான பிம்பத்துக்கு உகந்தது. மலைக்கு ஏறி வருவதால் காற்றின் பெரும்பகுதியையும் தூசியையும் கீழே விட்டுவிடலாம் என்றாலும், எஞ்சியிருக்கும் காற்றோடு ஒவ்வொரு நாளும் போராடித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

சுரங்கத் தொலைநோக்கியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். 11 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியில் சூரியனைப் பின்தொடர்ந்து மெல்லத் திரும்பும் ஓர் ஆடி இருக்கிறது. 48 மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்பது அதன் வேகம். அது பிடிக்கும் ஒளியை இரண்டாவது ஆடி கீழ்நோக்கி அனுப்ப, அடியில் உள்ள மூன்றாவது ஆடி அதைப் படுக்கைவாட்டில் திருப்பி, 60 மீட்டர் நீளமுள்ள நிலத்தடிச் சுரங்கத்துக்குள் செலுத்துகிறது. அங்கே 38 செ.மீ. விட்டமுள்ள வில்லை அந்த ஒளியைக் குவித்து, 34 செ.மீ. அகலமுள்ள சூரிய பிம்பத்தை உருவாக்குகிறது. தொலைநோக்கியை வானை நோக்கித் திருப்பாமல், அசையாத சுரங்கத்துக்கு வானத்தின் ஒளியைக் கொண்டுவந்து சேர்க்கும் இந்த ஏற்பாட்டால்தான், ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துக் காட்டும் எடைமிக்க நீண்ட நிறமாலைக் கருவியை ஒரே இடத்தில் நிலையாக அமைக்க முடிகிறது.

இருட்டில் அந்த வட்டத்தைப் பார்த்தபோது முதலில் என் கண்ணில் பட்டது அதன் விளிம்பு. நடுப்பகுதியைவிட விளிம்பு மங்கலாக இருக்கும் என்று பாடத்தில் படித்திருந்தேன். விளிம்பை நாம் சாய்வாகப் பார்ப்பதால் மேலடுக்கில் உள்ள குளிர்ந்த வாயுவின் ஒளியே நம்மை வந்தடைகிறது என்பது அதற்கான விளக்கம். சமன்பாடாக மட்டும் அறிந்திருந்ததைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கரும்புள்ளியும் தெரிந்தது. அந்த அளவுகோலில் பூமியின் விட்டம் சுமார் 3 மில்லிமீட்டர் என்றால், ஏறத்தாழ மூன்று பூமிகளை அந்தப் புள்ளியின் குறுக்கே வரிசையாக வைக்கலாம். வலுவான காந்தப்புலம் கீழிருந்து வெப்பம் மேலேறுவதைத் தடுப்பதால், அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்து கருமையாகத் தோன்றுகிறது.

ஆங்கிலேய வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில் இந்த ஆய்வகத்தில் கண்டறிந்ததும் சூரியப் புள்ளியைப் பற்றியதே. இந்தச் சுரங்கம் அப்போது இல்லை. புள்ளிகளில் காந்தப்புலம் உண்டு என்று அமெரிக்க வானியலாளர் ஜார்ஜ் எல்லரி ஹேல் முந்தைய ஆண்டுதான் அறிவித்திருந்தார். அங்கே சுழல் ஓட்டம் இருக்கலாம் என்ற கருத்தும் நிலவியது. ஆனால், புள்ளியைச் சூழ்ந்த புறநிழல் பகுதியில் வாயு சுழலாமல், மையத்திலிருந்து வெளிநோக்கிக் கிடையாகப் பாய்கிறது என்பதை நிறமாலை வரிகளின் இடப்பெயர்ச்சி (வாயு நம்மை நோக்கியோ விலகியோ நகரும்போது அதன் ஒளியின் அலைநீளம் சற்று மாறுவது) எவர்ஷெட்டுக்குக் காட்டியது. வினாடிக்கு 2 கி.மீ. வேகம் என்று கொண்டால், 6000 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) அலைநீளமுள்ள வரி நகர்வது வெறும் 0.04 ஆங்ஸ்ட்ராம். அவ்வளவு சிறிய நகர்வை அந்தக் காலத்துப் புகைப்படத் தட்டில் நம்பிக்கையுடன் அளந்த பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன்.

ஆனாலும் என்னை மிகவும் கவர்ந்தது 1904 முதல் இங்கே சேர்ந்துவரும் சூரியப் படங்களின் தொகுப்புதான். மேகம் மறைக்காத நாளெல்லாம் ஒரே முறையில் எடுக்கப்பட்ட வெண்ணொளிப் படங்களும், கால்சியத்துக்கே உரிய குறிப்பிட்ட அலைநீள ஒளியில் எடுக்கப்பட்ட படங்களும் தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டு வருகின்றன. புள்ளிகளின் எண்ணிக்கை ஏறி இறங்கும் சூரியனின் பதினோரு ஆண்டுச் சுழற்சிகள் பத்துக்கு மேல் அவற்றில் பதிவாகியுள்ளன. தனித்தனியாகப் பார்த்தால் அவற்றுள் பல எந்தச் சிறப்பும் இல்லாத படங்கள். புள்ளியே இல்லாத வெறும் வட்டங்களும் உண்டு. ஆனால், புள்ளி இல்லாத நாளையும் ஒருவர் பதிவு செய்து வைத்ததால்தான் சுழற்சியின் தாழ்நிலையை இன்று நம்மால் உறுதியாகக் குறிக்க முடிகிறது. புதிய கண்டுபிடிப்புகளைக் கொண்டாடும் அளவுக்கு இந்த அன்றாடப் பணியை நம் பாடநூல்கள் மதிப்பதில்லை என்பது என் கருத்து.

பழைய தட்டுகள் இப்போது எண்ணிம வடிவம் பெற்றுவிட்டன. சூரியன் நடுக்கோட்டுக்கு அருகே ஏறத்தாழ 25 நாள்களிலும், துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல 30 நாள்களுக்கும் மேலாகவும் எடுத்துக்கொண்டு தன்னைத்தானே சுற்றுகிறது. அடுத்தடுத்த நாள்களின் படங்களில் ஒரே புள்ளியின் இடத்தைக் குறித்து, குறுக்குக்கோட்டுக்கு ஏற்ப வேகம் மாறுவதைக் கணக்கிட ஒரு கணினியும் சிறிது முக்கோணவியலும் போதும். இந்தப் பருவத்தின் செய்முறைத் திட்டமாக அதைத்தான் எடுத்திருக்கிறேன். எவர்ஷெட் பணியாற்றிய ஆண்டுகளின் படங்களிலிருந்தே தொடங்கப் போகிறேன்.