அம்மா மலேசியர், மகன் வெளிநாட்டவர்

நானும் என் தம்பியும் கோலாலம்பூர் செந்தூலில் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். இரண்டு பேருக்கும் தமிழ்நாட்டில்தான் சம்பந்தம். தம்பி பிள்ளை மதுரையில் பிறந்தான். சென்னையில் உள்ள மலேசியத் துணைத் தூதரகத்தில் ஒரு வருடத்துக்குள் பதிந்தார்கள், அவன் மலேசியக் குடிமகனாகிவிட்டான். என் மகன் 2016இல் திருச்சியில் பிறந்தான். அவனுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை வேண்டுமென்றால் தகப்பன் மலேசியராக இருக்க வேண்டும் என்று கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை சொல்லியது. தாய் மலேசியராக இருந்தால் என்ன என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது.

எங்களைப் போன்ற அம்மாக்களுக்கு இருந்த வழி அதே அரசியலமைப்பின் 15(2) விதி. 21 வயதுக்குக் கீழுள்ள பிள்ளையைப் பதிந்துகொள்ளும்படி அரசாங்கத்திடம் கேட்க முடிந்தது. தம்பி பிள்ளைக்குக் கிடைத்தது 14ஆம் விதிப்படி உரிமை. என் பிள்ளைக்காக நான் கேட்டது தயவு. மறுத்தால் அந்த முடிவை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது என்றும் அதே அட்டவணையில் எழுதியிருக்கிறது.

2018இல் முதல் விண்ணப்பம் போட்டேன். இதே பாதையில் இருப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்: எங்களுக்குப் பெரிய தலைவலி பெயர்தான். திருச்சிப் பிறப்புச் சான்றிதழில் என் பெயர் தனியாக, பின்னால் எதுவும் இல்லாமல் இருக்கிறது. ஐசியில், அதாவது மலேசிய அடையாள அட்டையில், 'அனாக் பெரெம்புவான்' (மகள்) என்று போட்டு அப்பா பெயர். கணவரின் கடப்பிதழில், இந்திய வழக்கப்படி, என் பெயரோடு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. மூன்று தாளிலும் மூன்று பெண்கள்! மூவரும் ஒருத்தியே என்று சத்தியப் பிரமாண ஆணையரிடம் போய் உறுதிமொழிப் பத்திரம் செய்து இணைத்தேன். இந்தியாவில் செய்த திருமணத்தை இங்கேயும் பதிந்திருக்க வேண்டும். 1976ஆம் ஆண்டு திருமணச் சட்டம் அதற்கு ஆறு மாதக் கெடு வைக்கிறது. பிறப்புச் சான்றிதழுக்குச் சென்னையில் சான்றொப்பம் வாங்கியே கொண்டு வாருங்கள். இங்கே வந்த பிறகு அதற்காக ஆள் அனுப்பினால் செலவு எக்கச்சக்கம்.

2020இல் பதில் வந்தது. அங்கீகரிக்கப்படவில்லை. காரணம் எதுவும் எழுதவில்லை.

அதற்குள் மகனுக்கு வருகை அனுமதியை வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டிருந்தோம். அரசாங்கக் கிளினிக்கில் எனக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்), அவனுக்கு வெளிநாட்டவர் கட்டணம். தமிழ்ப்பள்ளியில் சேர்ப்பதற்கும் தனியாக அனுமதிக் கடிதம் தேவைப்பட்டது.

2020 டிசம்பரில் ஃபேமிலி ஃபிரண்டியர்ஸ் என்ற அமைப்பும் ஆறு அம்மாக்களும் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அதில் நான் கிடையாது. வழக்குப் போட என்னிடம் காசும் இல்லை, தைரியமும் இல்லை. ஆனால் 2021 செப்டம்பர் 9 அன்று நீதிபதி அக்தார் தாஹிர் கொடுத்த தீர்ப்பு என் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. பால் வேற்றுமை கூடாது என்று 8(2) விதி சொல்லும்போது, 14ஆம் விதியையும் அதோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். தகப்பன் என்ற இடத்தில் தாயையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்றார். 8(2)இல் 'பால்' என்ற சொல் 2001இல்தான் சேர்க்கப்பட்டது. இருபது வருடம் கழித்து அது எங்களுக்குப் பயன்பட்டது.

அரசாங்கம் மேல்முறையீடு செய்தது, தீர்ப்பை நிறுத்திவைக்கவும் கேட்டது. நிறுத்திவைக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்த இடைவெளியில், 2022 தொடக்கத்தில், 14ஆம் விதியின் கீழ் பதிவுத் துறை கவுண்டரில் விண்ணப்பப் பாரம் கொடுத்தேன். அதிகாரி ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார். "பாப்பா வார்காநெகாரா மானா, புவான்?" (அப்பா எந்த நாட்டுக் குடிமகன், அம்மா?) என்று கேட்டார். இந்தியா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாங்கிக்கொள்கிறோம், மேலே வழக்கு இருக்கிறது, அது தெரியும்தானே?" என்று மலாயில் சொல்லி முத்திரை குத்தினார். நான்கு வருடத்துக்கு முன்னால் இதே கேள்விக்கு இதே பதிலைச் சொன்னபோது பேச்சு அங்கேயே முடிந்துபோனது.

2022 ஆகஸ்ட் 5. மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. அரசியலமைப்பில் எழுதியிருப்பதை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை, நீதிமன்றத்தின் வேலையல்ல என்பது பெரும்பான்மையின் பார்வை. மாறுபட்டு எழுதியவர் நீதிபதி எஸ். நந்தபாலன். அன்று அம்மா வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. என் 14ஆம் விதி விண்ணப்பம் அப்படியே நின்றுவிட்டது.

வழக்கறிஞராக இருக்கும் தோழி ஒருத்தி, "அக்கா, 15(2)இல் மறுபடியும் போடுங்க, இப்போ மேலே இருக்கிறவங்க காது வேற மாதிரி இருக்கு" என்றாள். 2022 முடிவதற்குள் போட்டேன். அவள் சொன்னது சரி என்றுதான் நினைக்கிறேன். தோற்றுப்போன வழக்காக இருந்தாலும், ஆறு அம்மாக்களின் விவகாரம் பத்திரிகையிலும் நாடாளுமன்றத்திலும் ஓயாமல் அடிபட்டது. கடைசியில் நீதிபதிகள் தள்ளிவிட்ட வேலையை அரசாங்கமே கையில் எடுத்தது. அரசியலமைப்புத் திருத்த மசோதா 2024 அக்டோபர் 17 அன்று மலேசிய மக்களவையில் 206 ஓட்டுகளோடு நிறைவேறியது. 'தகப்பன்' என்றிருந்த இடத்தில் தாயும் வந்தார். உயர் நீதிமன்றம் மூன்று வருடத்துக்கு முன்னால் சொன்னதும் இதுதானே! அந்த 2021 தீர்ப்பு இல்லாமல் இது நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இதில் ஒரு முள்ளும் இருக்கிறது. திருத்தம் இனி பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு. ஏற்கெனவே பிறந்தவர்களுக்குப் பழைய 15(2) வழிதான்.

என் மகனுக்கு அந்தப் பழைய வழியிலேயே, மசோதா நிறைவேறுவதற்குச் சில மாதம் முன்னால், ஒப்புதல் வந்துவிட்டது. அதோடு முடியவில்லை. இரட்டைக் குடியுரிமையை இந்தியாவும் ஏற்காது, மலேசியாவும் ஏற்காது. அதனால் அவனுடைய இந்தியக் கடப்பிதழை ஒப்படைக்க வேண்டியிருந்தது. என் கணவர் முகம் அன்று ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. மாமனார் திருச்சியிலிருந்து போன் செய்து, "இனிமே என் பேரன் விசா எடுத்துத்தான் என்னைப் பார்க்க வரணுமா?" என்றார். ஆமாம் மாமா என்றேன்.

இன்னும் காத்திருப்பவர்களுக்கு ஒன்று. அதே திருத்தத்தில் 15ஆம் விதியின் வயது வரம்பு 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைக்குப் பதினாறு பதினேழு வயது என்றால் தாள்களைத் திரட்டிக்கொண்டு இந்த மாதமே போய்க் கொடுங்கள். பெயர் ஒத்துப்போகிறதா என்பதை முதலில் பாருங்கள்.