பிரச்சினைக்கு ஒரு பெயர்

"நான் ஒரு பயந்தாங்கொள்ளி" என்று வருகிறவரிடம், கதைவழிச் சிகிச்சை (narrative therapy, ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லும் கதையை வைத்துச் செய்யும் மனநல ஆலோசனை) செய்கிறவர் கேட்பது: "இந்தப் பயம் எப்போ உங்ககிட்ட வந்து ஒட்டிக்கிச்சு?" ஆள் வேறு, பிரச்சினை வேறு. முழு முறையும் அந்தப் பிரிப்பில்தான் நிற்கிறது.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்து மைக்கேல் ஒயிட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் 1980களில் வளர்த்த முறை இது. உடையிலேயே மலம் போய்விடும் குழந்தைகளோடு பேசும்போது, ஒயிட் அந்தத் தொல்லையைத் தனி ஆளாக்கினார். நம் மொழியில் சொன்னால் 'திருட்டுக் கக்கா'. "அது உன்னை எப்படி ஏமாத்துது? நீ அதை ஏமாத்தின நாள் எது?" வெட்கத்தில் குனிந்த பிள்ளைக்கும் இதற்குப் பதில் சொல்ல வரும். திட்டிக்கொண்டிருந்த பெற்றோரும் பிள்ளையின் பக்கம் சேர இடம் கிடைக்கும். (இதற்குப் பின்னால் மலச்சிக்கல் இருக்கலாம்; அதற்கு மருத்துவர் பார்ப்பது தனியாக அவசியம்.)

பெயரை வந்தவரே வைக்க வேண்டும். பிறகு, அது தூக்கத்தை, படிப்பை, உறவை என்ன செய்தது, அதில் அவருக்குச் சம்மதமா, இல்லையென்றால் ஏன் என்று கேட்க வேண்டும். அதன்பின் பயம் ஜெயிக்காத ஒரு தருணத்தைத் தேடலாம்.

சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். "பாருங்க, உங்களால முடியுது!" என்று உடனே பாராட்டினால் அது ஆலோசகரின் கதையாகிவிடும். அன்று என்ன செய்தார், அதற்கு முந்தைய நிமிடம் மனசில் என்ன ஓடியது, இதைக் கேட்டால் ஆச்சரியப்படாத ஆள் யார்? இப்படித் துருவினால்தான் அந்தத் தருணம் அவருடைய சொந்தக் கதையாக வேர்பிடிக்கும்.

வீட்டில் அடிக்கிறவரிடம் மட்டும் கவனம். 'கோபம்தான் அடிச்சது' என்று தப்பிக்க விடவே கூடாது. அடித்தது அவர் கை. வெளியே எடுத்துவைத்துப் பேச வேண்டியது, "பொண்டாட்டின்னா அடங்கித்தான் இருக்கணும்" என்கிற எண்ணத்தை.