வேலியிலையும் முட்டைக்கோழியின் தீனிச் செலவும்

2022 ஆம் ஆண்டு இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் சோளத்துக்கும் சோயாப் புண்ணாக்குக்கும் தட்டுப்பாடு வந்து, தீனி மூட்டையின் விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது, யாழ்ப்பாணத்தில் வளவுக்குள் இருபது முப்பது கோழி வளர்த்த வீடுகள் திணறிப் போயின. முட்டைக்காகும் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தீனிக்கே போகிறது. எங்கள் வேலிகளிலோ சீமைக்கிளுவையும் இப்பில் இப்பில் என்ற சூபாபுல் மரமும் கேட்பாரின்றித் தழைத்து நிற்கின்றன. அவற்றின் இலையை உலர்த்தித் தூளாக்கித் தீனியில் கொஞ்சம் கலக்கலாம்.

இரண்டும் அவரையினத்து மரங்கள். உலர்ந்த இலையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் புரதம் உண்டு. ஆனால் ஆடு மாட்டைப் போல நாரைச் செரிக்கும் வயிறு கோழிக்கு இல்லை. இப்பில் இப்பிலில் மைமோசின் என்ற நஞ்சும் இருப்பதால், அளவு மீறினால் முட்டை குறையும். ஆகவே மொத்தத் தீனியில் 5 சதவீதத்துக்கு மேல் இலைத்தூள் சேர்க்க வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் தீனி உண்ணும். இருபது கோழிக்கு 2.4 கிலோ, அதில் 5 சதவீதம் 120 கிராம் இலைத்தூள். பச்சையிலையில் முக்கால் பங்கு நீரே என்பதால், இதற்கு அரைக் கிலோவளவு இலை பிடுங்க வேண்டும். மாதத்தில் மூன்றரைக் கிலோ தீனி மிஞ்சும். தொகை சிறிதுதான், எனினும் தவிடும் குறுணலும் தின்று வெளிறிப்போன மஞ்சட்கரு, இலை சேர்ந்ததும் நல்ல செம்மஞ்சளாகிறது. ஊர்முட்டை தேடி வருபவர்கள் அந்த நிறத்துக்காகவே மீண்டும் வருகிறார்கள் என்பதால், உண்மையான ஆதாயம் அங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன்.

இப்பில் இப்பில் இலையை ஓர் இரவும் பகலும் நீரில் ஊறவைத்து, அந்நீரை ஊற்றிவிட்டால் மைமோசினில் பெரும்பகுதி கரைந்து போய்விடும். பிறகு ஓலைப்பாயில் மெல்லிதாகப் பரப்பி, நிறம் கெடாதபடி நிழலில் உலர்த்த வேண்டும். கையில் கசக்கும்போது சரசரவென்று நொறுங்கினால் பதம் சரி. அரிதட்டில் தேய்த்தால் தூள் கீழே விழ, காம்பும் ஈர்க்கும் மேலே தங்கிவிடும். சீமைக்கிளுவையில் பூஞ்சணம் பிடிக்க விடவே கூடாது, ஏனெனில் அதிலுள்ள கூமரின் என்ற வேதிப்பொருள் அப்போது இரத்தத்தை உறையவிடாத நஞ்சாக மாறுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இலை உலராது. தை, மாசியில் சீமைக்கிளுவை இலையுதிர்த்துப் பூக்கும். ஆகவே வெயில் மாதங்களிலேயே உலர்த்திக் காற்றுப் புகாத வாளியில் சேமித்துக்கொள்வது நல்லது.

வேலியோரம் நிற்கும் அகத்தியை மட்டும் கோழிக்குப் போட வேண்டாம். நாங்கள் விரும்பி உண்ணும் கீரைதான் என்றாலும், கோழிக்கு, குறிப்பாகக் குஞ்சுகளுக்கு, அது ஆகாது.

இலை சேர்ப்பதால் சுண்ணாம்புச் சத்தின் தேவை நீங்கிவிடாது. முட்டையோட்டுக்காகக் கோழிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 கிராம் கல்சியம் வேண்டும். கடற்கரையில் பொறுக்கிய சிப்பியோட்டைக் கழுவி இடித்து, தீனியுடன் கலக்காமல் தனிச் சட்டியில் வைத்தால், வேண்டிய கோழி வேண்டியளவு கொத்திக்கொள்ளும்.