பழைய டெல் பிரிசிஷனுக்குச் சொந்தமாகக் கெர்னல் கட்டிய அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேகம் கூடும் என்று நினைத்துப் பழைய ஒர்க்ஸ்டேஷனுக்கு லினக்ஸ் கெர்னலைச் (இயங்குதளத்தின் மையப்பகுதி) சோர்ஸிலிருந்து கம்பைல் செய்யக் கிளம்புகிறவர்கள், அதற்குப் பதிலாக ஒரு எஸ்எஸ்டி வாங்கி மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். கண்ணுக்குத் தெரிகிற வேகம் எல்லாம் அதில்தான் வரும். நான் இதில் இறங்கியதற்குக் காரணம் வேறு. எந்த டிரைவர் எதற்காக ஓடுகிறது என்று தெரியாமல் ஒரு பெட்டியை நாள் முழுக்க ஓட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பெட்டி டெல் பிரிசிஷன் டி3500. 2009 காலத்து மாடல். இன்டெல் எக்ஸ்58 சிப்செட், ஜியான் டபிள்யூ3520, அதாவது நாலு கோர், எட்டு த்ரெட், 2.66 கிகாஹெர்ட்ஸ். 130 வாட் சிப், சென்னை மே மாதத்தில் அறையில் இன்னொரு ஆள் இருப்பது போலவே இருக்கும். ரிச்சி தெருவில் செகண்ட்ஸில் எடுத்தேன். ஈசிசி ராம் (சிறு பிழைகளைத் தானே திருத்தும் மெமரி), குவாட்ரோ எஃப்எக்ஸ் 580 கார்டு, பின்னால் பிஎஸ்/2 கீபோர்டு சாக்கெட்டும் ஒன்பது பின் சீரியல் போர்ட்டும் இன்னும் இருக்கின்றன. பூட் செய்யும் அடிப்படை மென்பொருளாகப் புதிய யூஇஎஃப்ஐ கிடையாது, பழைய பயாஸ்தான். இதன் மேல் டெபியன் 13 லினக்ஸ் போட்டிருக்கிறேன். அதன் கெர்னல் 6.12, 2024 நவம்பரில் வந்த நீண்டகால ஆதரவுப் பதிப்பு. அதே 6.12 வரிசையின் சோர்ஸை இறக்கிக்கொண்டேன். புதிய பதிப்புக்குத் தாவ வேண்டிய அவசியம் இந்த வயது ஹார்டுவேருக்கு இல்லை.

டெபியனின் கான்ஃபிக் கோப்பை (கெர்னலில் எதெது சேர வேண்டும் என்ற பட்டியல்) அப்படியே எடுத்துவந்து கம்பைல் செய்தால், உலகத்தில் உள்ள எல்லா நெட்வொர்க் கார்டுக்கும், எல்லா டிவி டியூனருக்கும் மாட்யூல் (தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் டிரைவர் துண்டு) கட்டும். கூடவே பிழை தேட உதவும் டீபக் தகவல் வேறு சேர்ந்து டிஸ்க்கை ஜிபி கணக்கில் விழுங்கும். டபிள்யூ3520 போன்ற நெஹாலம் தலைமுறைச் சிப்பில் அதற்கு ஒரு மதியம் முழுக்கப் போகும். அதனால் எல்லோரும் 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' என்ற வழிக்குத்தான் வருவார்கள். இப்போது எந்த மாட்யூல்கள் ஏறியிருக்கின்றன என்று 'எல்எஸ்மாட்' பட்டியலைப் பார்த்து, அதில் இல்லாத மாட்யூல்களை எல்லாம் கான்ஃபிக்கிலிருந்து தூக்கிவிடும். கேட்கச் சுகமாக இருக்கிறது, ஆனால் 'இப்போது' என்பதில்தான் எல்லாச் சிக்கலும். அந்த நேரத்தில் பென் டிரைவ் செருகியிருக்கவில்லை என்றால் யூஎஸ்பி ஸ்டோரேஜ் டிரைவர் போய்விடும். செருகி மவுண்ட் செய்யவில்லை என்றால் பென் டிரைவின் கோப்பு முறைமையான விஃபேட் போய்விடும், அதோடு அதற்கு வேண்டிய எழுத்துக்குறி அட்டவணை மாட்யூல்களும் போய்விடும்.

ஆகவே அதை ஓட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் பெட்டியை எப்போதும் போலப் பயன்படுத்தினேன், வேண்டுமென்றே எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டு. பிரிண்டரை இயக்கி ஒரு பக்கம் அச்சிட்டேன், போனை யூஎஸ்பியில் இணைத்து அதன் வழியாக நெட் எடுத்தேன், ஒரு ஐஎஸ்ஓ கோப்பை லூப் மவுண்ட் செய்தேன், விபிஎன் போட்டேன், விர்ச்சுவல் மெஷின் ஒன்றைக் கிளப்பினேன், ஃபயர்வால் விதிகளை ஏற்றினேன். அப்புறம் 'எல்எஸ்மாட்' தருவதை ஒரு கோப்பில் சேமித்து, அந்தக் கோப்பையே லோக்கல்மாட்கான்ஃபிக்கிடம் கொடுத்தேன். 'எல்எம்சி_கீப்' என்று ஒரு வேரியபிள் இருக்கிறது, அதில் டைரக்டரிப் பெயரைக் கொடுத்தால் அதற்குள் இருக்கிற எதையும் தொடாது. யூஎஸ்பி டிரைவர்கள், கோப்பு முறைமைகள் இரண்டையும் அதில் போட்டுவிட்டேன். கொஞ்சம் கூடுதலாகக் கம்பைல் ஆகும், ஆகட்டும்.

டெபியன் கான்ஃபிக்கிலிருந்து ஆரம்பிக்கிறவர்கள் முட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. கம்பைல் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு சான்றிதழ் கோப்பைக் காணோம், அதை உருவாக்க விதி இல்லை என்று நின்றுவிடும். டெபியனின் சொந்தச் சாவிக் கோப்பின் பாதை கான்ஃபிக்கில் எழுதியிருக்கிறது, நம்மிடம் அந்தக் கோப்பு இல்லை. 'சிஸ்டம் டிரஸ்டட் கீஸ்' என்கிற வரியை வெற்றாக்கினால் சரியாகிவிடும். டீபக் தகவலையும் அதே கையோடு அணைத்துவிடுங்கள், டீபக் தகவலைக் கையாளும் பாஹோல் கருவி இல்லை என்கிற புகாரும் சேர்ந்து ஒழியும்.

இதற்குப் பிறகு மெனுகான்ஃபிக்கில் (தேர்வுகளைத் திரையில் காட்டும் மெனு) உட்கார்ந்து கையால் வெட்டுவது. பொழுது போவது தெரியாது, கை துறுதுறுவென்று இருக்கும். நியூமா (ஒவ்வொரு பிராசசருக்கும் தனி மெமரி இருக்கும் ஏற்பாடு) ஆதரவை எடுத்தேன், காரணம் டி3500-ல் ஒரே ஒரு பிராசசர் சாக்கெட்தான். இரண்டு சாக்கெட் உள்ள டி5500 வைத்திருக்கிறவர்கள் அதில் கை வைக்கக் கூடாது. சிபியூ எண்ணிக்கை உச்சவரம்பு டெபியனில் பெரிய சர்வர்களை மனதில் வைத்துப் போட்டது, அதை 16 ஆக்கினேன். எட்டு போதுமே என்று தோன்றும், ஆனால் இந்த மதர்போர்டில் பயாஸ் புதிதாக இருந்தால் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் உள்ள எக்ஸ்5670 சிப்பும் உட்காரும், அந்த எண்ணம் எனக்கு உண்டு. பிராசசர் குடும்பம் என்ற இடத்தில் பொதுவான 64-பிட் என்பதை விட்டு 'கோர் 2' தேர்வைப் போட்டுப் பார்த்தேன். வித்தியாசம் எதையும் நான் உணரவில்லை.

சிபியூ வேகக் கட்டுப்பாட்டில் ஒரு விஷயம். இன்டெல் பெட்டிதானே, 'இன்டெல் பிஸ்டேட்' இருந்தால் போதும், பழைய 'ஏசிபிஐ சிபியூஃப்ரீக்' எதற்கு என்று அதை எடுத்துவிடத் தோன்றும். பிஸ்டேட் டிரைவர் சாண்டி பிரிட்ஜ் என்ற பிந்தைய தலைமுறையிலிருந்துதான் வேலை செய்யும். நெஹாலமுக்கும் அடுத்து வந்த வெஸ்ட்மியருக்கும் ஏசிபிஐ டிரைவர்தான் கதி. அதைத் தூக்கினால் கெர்னல் பாட்டுக்கு ஓடும், பிழை எதுவும் காட்டாது, வேகத்தைக் கூட்டிக் குறைக்கத்தான் ஆள் இருக்காது. சிபியூ சும்மா இருக்கும்போது மின்சாரத்தைக் குறைக்கும் ஐடில் பக்கம் மட்டும் 'இன்டெல் ஐடில்' நெஹாலமை நன்றாகவே தெரிந்துவைத்திருக்கிறது.

மெல்ட்டவுன் (கெர்னலின் மெமரியைப் பிற நிரல்கள் படிக்க வழிவிடும் சிப் ஓட்டை) பாதுகாப்பை அணைத்தால் வேகம் கிடைக்கும் என்று பலரும் சொல்வார்கள். நெஹாலமில் அந்த ஆசை கூடுதலாகவே வரும், ஏனென்றால் அந்தப் பாதுகாப்புக்காக மெமரி முகவரிகளின் பக்க அட்டவணைகளைப் பிரித்து வைப்பதன் சுமையைக் குறைக்கும் பிசிஐடி வசதி இந்தச் சிப்பில் இல்லை, வெஸ்ட்மியரில்தான் வந்தது. ஆகவே நிரல் கெர்னலைக் கூப்பிடும் ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் டிஎல்பி (முகவரிகளை நினைவில் வைக்கும் கேஷ்) காலியாகிறது. இருந்தாலும் நான் அணைக்கவில்லை. பிரவுசர் திறக்கிற பெட்டி இது. நெட் பக்கமே போகாத கணக்குப் போடும் பெட்டி என்றால் யோசிக்கலாம்.

கிராஃபிக்ஸில் பெரிதாக யோசிக்க ஒன்றும் இல்லை. இந்தத் தலைமுறைக் குவாட்ரோவுக்கு என்விடியாவின் 340 வரிசை டிரைவர்தான் கடைசி, அதிலும் 2019 டிசம்பரில் வந்த 340.108-ஓடு நிறுத்திவிட்டார்கள். புதிய கெர்னலில் ஆளாளுக்குப் போட்ட பேட்ச்களைச் சேர்த்தால்தான் கம்பைல் ஆகும். கெர்னலோடு வரும் திறமூல நூவோ டிரைவர் போதும் எனக்கு. ஆனால் இந்த மதர்போர்டில் தனியாக டிஸ்பிளே கிடையாது என்பதால், நூவோ சொதப்பினாலும் எழுத்தாவது தெரிய விஜிஏ கன்சோலையும், அதுவும் போனால் வெளியே பார்க்கச் சீரியல் கன்சோலையும் மாட்யூலாக இல்லாமல் உள்ளேயே கட்டிவைத்தேன்.

அந்தச் சீரியல் போர்ட் இவ்வளவு உபயோகப்படும் என்று நினைக்கவில்லை. இரண்டு கணினிகளை நேராக இணைக்கும் ஒரு நல் மோடம் கேபிள், லேப்டாப் பக்கம் யூஎஸ்பி சீரியல் அடாப்டர், கெர்னல் வரியில் கன்சோலை முதல் சீரியல் போர்ட்டுக்கு 115200 வேகத்தில் திருப்பும் ஒரு சொல். அவ்வளவுதான், பூட் ஆகும்போது வரும் ஒவ்வொரு வரியும் லேப்டாப்பில் கோப்பாகவே சேர்ந்துவிடும். திரையில் பேனிக் (கெர்னல் மேற்கொண்டு ஓட முடியாமல் நிற்பது) வந்தால் மேலே ஓடிப்போன வரிகளைப் பார்க்க முடியாது, இதில் நிதானமாக உருட்டிப் படிக்கலாம்.

இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் கெர்னலுக்கு உதவும் தற்காலிகக் கோப்பு முறைமை) இல்லாமலே பூட் செய்ய முடிகிறதா என்று சோதித்தபோது இது ரொம்பவே கைகொடுத்தது. ரூட்டை (சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷன்) மவுண்ட் செய்ய முடியவில்லை என்று சொல்லி 'அன்னோன் பிளாக் (0,0)' என்று பேனிக் ஆகும். இந்த அடைப்புக்குறி எண்கள்தான் விஷயமே. (0,0) என்றால் நீங்கள் சொன்ன டிஸ்க்கைக் கெர்னலால் அடையாளம் காணவே முடியவில்லை. சாட்டா டிஸ்க்குக்கு வேண்டிய ஏஹெச்சிஐ, எஸ்சிஎஸ்ஐ டிஸ்க் டிரைவர்கள் டெபியன் கான்ஃபிக்கில் மாட்யூல்களாக இருந்தன, உள்ளே கட்டினேன். மறுபடியும் (0,0). இந்த முறை காரணம் வேறு: பூட்லோடரான கிரப்பின் வரியில் ரூட்டை யூயூஐடி என்ற அடையாள எண் கொண்டு சொல்லியிருக்கிறது. கோப்பு முறைமையின் யூயூஐடியைத் தேடிப் பிடிக்கிற வேலையைச் செய்வது இனிட்ராம்எஃப்எஸ், கெர்னலுக்குத் தானாக அது தெரியாது. பார்ட்டிஷனுக்கே உரிய அடையாள எண்ணான பார்ட்யூயூஐடி என்றால் தெரியும், பழைய எம்பிஆர் பிரிவினை உள்ள டிஸ்க்கிலும் அது வேலை செய்கிறது. மாற்றியதும் எண் (8,2) ஆனது. பேனிக்தான், ஆனாலும் மனசுக்குச் சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் டிஸ்க் தெரிகிறது, இரண்டாவது பார்ட்டிஷன் தெரிகிறது, அதைப் படிக்க ஈஎக்ஸ்டி4 மட்டும் இல்லை. அதையும் உள்ளே கட்டியதும் நேராக லாகினுக்குப் போனது.

இவ்வளவு செய்து இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் மிச்சமானது கைக்கடிகாரத்தில் பார்த்தால் தெரியாத அளவு நேரம். மைக்ரோகோடை (சிப்பின் உள்நிரலுக்கான திருத்தம்) வேறு தனியாகக் கெர்னலுக்குள் திணிக்க வேண்டும் (டபிள்யூ3520-க்கு 06-1ஏ-05 என்ற கோப்பு). இனிட்ராம்எஃப்எஸ் இருந்தால் டெபியனின் மைக்ரோகோட் பேக்கேஜே அதைப் பார்த்துக்கொள்கிறது. எனவே திரும்ப அதற்கே வந்துவிட்டேன். டிஸ்க் டிரைவர்கள் உள்ளேயே இருக்கட்டும் என்று விட்டேன், அதனால் நஷ்டமில்லை.

அதோடு முடிந்தது என்று இருந்தபோது மின்வெட்டு. கரண்ட் வந்து பெட்டியைப் போட்டால் கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருக்கிறது, டெபியன் 'ஷெல்லுக்குப் போகிறேன்' என்று இனிட்ராம்எஃப்எஸ் பிராம்ப்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. 'பிராக் பார்ட்டிஷன்ஸ்' கோப்பைப் பார்த்தால் ஒரு டிஸ்க் கூட இல்லை. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்துப்போய், பயாஸ் அமைப்புகள் எல்லாம் பழையபடி ஆகி, சாட்டா ஏஹெச்சிஐ-யிலிருந்து பழைய ஐடிஈ முறைக்கு மாறியிருந்தது. அந்த முறையில் இதே ஐசிஹெச்10 கன்ட்ரோலரைப் பேச வைக்க 'ஏடிஏ பிக்ஸ்' என்ற வேறு டிரைவர் வேண்டும். ஏஹெச்சிஐ-யில் ஓடும்போது அது ஏறியிருக்காது என்பதால் லோக்கல்மாட்கான்ஃபிக் அதை வெட்டியிருந்தது. கிரப் மெனுவில் டெபியனின் சொந்தக் கெர்னலைத் தேர்ந்தெடுத்ததும் எதுவும் நடக்காதது போலப் பூட் ஆனது. டெபியன் கெர்னலை அன்இன்ஸ்டால் செய்யவே செய்யாதீர்கள். இந்த வயதுப் பெட்டியில் இப்போது இரண்டு சாட்டா டிரைவர்களையும் உள்ளேயே வைத்திருக்கிறேன், பேட்டரியும் புதுசு.

ஈடாக் (மெமரிப் பிழைகளை எண்ணிக் காட்டும் கெர்னல் பகுதி) பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கெர்னலைச் சுருக்குகிறவர்கள் முதலில் தூக்குவது அந்த மெனுவைத்தான், சர்வர் சமாச்சாரம் என்று நினைத்து. ஈசிசி ராம் உள்ள ஒர்க்ஸ்டேஷனில் அதுதான் தங்கம். நெஹாலமுக்கும் வெஸ்ட்மியருக்கும் 'ஐ7கோர் ஈடாக்' டிரைவர். சில பயாஸ்கள் மெமரி கன்ட்ரோலரின் பிசிஐ சாதனங்களை மறைத்துவிடும், அப்போது அந்த மாட்யூலுக்கே 'யூஸ் பிசிஐ ஃபிக்ஸப்' என்று ஒரு தேர்வு உண்டு. டிரைவர் ஏறியதும் சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் தன் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) ஒவ்வொரு ராம் குச்சிக்கும் ஒரு டைரக்டரி வரும், அதற்குள் திருத்தப்பட்ட பிழைகளின் எண்ணிக்கை இருக்கும். என்னுடையதில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பூஜ்யம். அந்த ஒன்று மட்டும் பெரிய கம்பைல் ஓடும்போதெல்லாம் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்து, குச்சியைக் கழற்றி, தங்க நிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, உதறித் துடைத்து மறுபடி மாட்டினேன். ஏறுவது நிற்கவில்லை. ஸ்லாட்டை மாற்றினேன், எண்ணிக்கையும் கூடவே புது ஸ்லாட்டுக்குப் போனது. அப்படியென்றால் ஸ்லாட்டில் கோளாறு இல்லை, குச்சிதான். அதே அளவில் வேறு வாங்கிப் போட்டேன், மூன்று சேனலும் சமமாக நிரம்பியிருக்க வேண்டும் என்பதால் வெறுமனே எடுத்துவிட மனசு வரவில்லை. ஈசிசி திருத்திக்கொண்டே இருந்ததால் அதுவரை பெட்டி ஒரு தடவை கூடத் தொங்கியதில்லை, கவுன்டர் இல்லையென்றால் இது தெரிந்தே இருக்காது.

பூட் லாகில் இன்டரப்ட் ரீமேப்பிங்கை (சாதனங்கள் சிபியூவுக்கு அனுப்பும் குறுக்கீடுகளை வழிமாற்றும் வசதி) அணைக்கிறேன் என்று ஒரு மிரட்டலான வரி வந்தால் பயப்பட வேண்டாம். எக்ஸ்58, 5500, 5520 சிப்செட்களின் ஆரம்ப ரிவிஷன்களில் இருக்கும் ஒரு பிழைக்காகக் கெர்னலே செய்கிற ஏற்பாடு அது. கார்டை விர்ச்சுவல் மெஷினுக்கு நேரடியாகக் கொடுக்கும் எண்ணம் இருந்தால்தான் அது உங்களைப் பாதிக்கும்.

சொந்தக் கெர்னலுக்கு டெபியனின் பேக்கேஜ் கருவியான ஆப்ட் வழியாகப் பாதுகாப்பு அப்டேட் வராது, அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். 6.12 வரிசையில் புது வெளியீடு வரும்போது சேமித்து வைத்த கான்ஃபிக்கைப் புதிய சோர்ஸில் போட்டு 'ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' (புதுத் தேர்வுகளுக்கு இயல்பான விடையைப் போடுவது), பிறகு 'பின்டெப் பேக்கேஜ்' (டெபியன் பேக்கேஜாகக் கட்டுவது). டெப் கோப்பாகவே வந்துவிடுவதால் போடவும் எடுக்கவும் டிபிகேஜி போதும். வெட்டிய கான்ஃபிக் என்பதால் ஒரு டீ குடித்துவிட்டு, நாலு போன் பேசிவிட்டு வருவதற்குள் முடிந்துவிடுகிறது. வெஸ்ட்மியர் தலைமுறை எக்ஸ்5670 கிடைத்தால் அதைப் போட்டு பிசிஐடி-யோடு எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும், அதற்குக் கெர்னலில் எதையும் மாற்ற வேண்டியிருக்காது.